இங்கிலீஷ் என்றால் குடை

பாகூர் ஏரிக்கு மேற்கே இருந்த சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு 1959 ஜூலையில் இங்கிலீஷ் டீச்சராகப் போனேன். போகும்போது என்னிடம் இருந்தவை மூன்று: இலங்கை பாஸ்போர்ட், ஒரு வருடத்துக்கான தற்காலிக வேலைக் கடிதம், ஒரு கறுப்புக் குடை. இந்தக் கதை குடையைப் பற்றியது. மற்ற இரண்டும் அதன் பின்னால் வரும்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் கேட்கக்கூடாது. பெயர் நேசமலர். ஊர் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம். அப்போது வயது முப்பத்துநாலு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "உங்களுக்கென்ன?" என்பதுதான் என் பதில். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறை. கோயிலுக்குப் போவதை விட்டோம், திருநீறை விட்டோம். எங்கள் கிணற்றில் யார் வாளி போடலாம், யார் போடக்கூடாது என்ற கணக்கை மட்டும் விடவில்லை.

சிங்கள ஊர் ஒன்றில் பத்து வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். ஐம்பத்தெட்டில் கலவரம் வந்தது. ஒரு மத்தியானம் தெருமுனையில் புகை தெரிந்ததும், சான்றிதழ்கள் இருந்த தகரப்பெட்டியை மேசைமேல் விட்டுவிட்டு, கதவில் தொங்கிய அப்பாவின் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்று மழையும் இல்லை, பெரிய வெயிலும் இல்லை. பிறகு ஒரு வருடம் யாழ்ப்பாணத்தில் அண்ணன் வீட்டுப் பின்னறையில் கிடந்தேன். அண்ணி நல்லவள்தான். சோற்றைப் போட்டுவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டுக்கு மறுபடி போவதைவிடக் கடலில் விழலாம் என்று இருந்தது எனக்கு.

கடலூரில் இருந்த சித்தி மகன்தான் எழுதினான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், இனிமேல் இங்கிலீஷ் படிக்கவேண்டும், கிராமத்துப் பள்ளிகளுக்குப் போக ஆள் கிடைக்கவில்லை, நீ வா என்று. வந்தேன். கடிதம் கொடுத்த ஆபீசர் அதிலிருந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். வருடம் முடிவதற்குள் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, தகுதியானவர் என்று எழுதவேண்டும். எழுதினால் வேலை நிரந்தரம், இந்தியாவில் தங்கும் அனுமதியும் நீளும். எழுதாவிட்டால் தனுஷ்கோடி, கப்பல், அண்ணியின் பின்னறை. அன்றிலிருந்து என் உயிர் அந்த வரியில் தொங்கிற்று.

ஊரில் விருத்தாம்பாள் என்பவளின் வீட்டில் அறை எடுத்தேன். வாயாடி. நான் பெட்டியை இறக்குவதற்குள் பள்ளிக்கூடத்தின் பூர்வீகம் முழுவதையும் கொட்டிவிட்டாள்.

"அந்த இஸ்கூல்ல எல்லாம் ஒண்ணாத்தான் குந்தும் டீச்சரம்மா. சேரிப் புள்ளைங்களும் நம்ம புள்ளைங்களும் ஒரே பெஞ்சி. பிரெஞ்சிக்காரன் சட்டம், இன்னா பண்றது? வூட்டுக்கு வந்ததும் கெணத்தாண்ட நிக்கவெச்சி ரெண்டு சொம்பு ஊத்திட்டுத்தான் உள்ள வுடுவோம்."

நான் தலையாட்டினேன். கேட்டதும் எனக்கு அருவருப்பு வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. தெரிந்த பாஷையைக் கேட்ட நிம்மதிதான் வந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

மறுநாள் ஏரிக்கரை வழியாக நடந்து போனேன். ஓட்டுக்கூரை போட்ட ஒரே கூடம், முப்பத்தொரு பிள்ளைகள், என்னைச் சேர்த்து இரண்டு வாத்தியார்கள். மற்றவர் தலைமையாசிரியர் அல்போன்ஸ். வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர், ஐம்பது தாண்டியவர், அந்தப் புழுக்கத்திலும் வெள்ளைக் கோட்டு. பிள்ளைகள் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்பார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொண்டோம். அதிலும் நான் பேசியதில் பாதிதான் அவருக்கு விளங்கிற்று.

அவர் வாசலில் நின்றிருந்தார். பிள்ளைகள் உயரவரிசையில் வந்து ஒவ்வொருவராக "போன்ஜூர் முசியே" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே போவது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். இருபது வருடமாக, மழையானாலும் வெயிலானாலும், ஊர்ப் பிள்ளையானாலும் சேரிப் பிள்ளையானாலும் அதே வழக்கம். அவர் ஒவ்வொரு கையையும் கலெக்டர் கையைப் பிடிப்பதுபோல் குனிந்து பிடித்தார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

வரிசையில் முதல் ஆள் சிந்தாமணி. ஆறு வயது, இருந்ததிலேயே குட்டை. ஏரி மடை காக்கிற காத்தவராயனின் மகள். சேரிப் பிள்ளை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டியதும் இல்லை, அந்தக் கண் எங்களுக்குச் சிறு வயதிலேயே கொடுத்துவிடுவார்கள். முசியேயின் கையைக் குலுக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, கையை நீட்டினாள்.

என் இடது கையில் ரிஜிஸ்டரும் சாக்பீஸ் பெட்டியும் இருந்தன. வலது கையில் மடக்கிய குடை. பக்கத்திலேயே பெஞ்சு இருந்தது. பெட்டியை அதில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

பிள்ளை என் இடது கையைப் பார்த்தாள், வலது கையைப் பார்த்தாள். என் மூடிய கைக்கு வெளியே குடையின் வளைந்த பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து மூன்று தரம் குலுக்கினாள். "போன்ஜூர் மதாம்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் வந்தவன் அதையே செய்தான். அதற்குப் பின்னால் வந்தவளும் அதையே செய்தாள். முப்பத்தொரு பேரும் என் குடையைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

"இது இன்னா முறை மிஸ்?" என்றார் அல்போன்ஸ். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இங்கிலீஷ் முறை" என்றேன். எங்கிருந்து அந்தப் பொய் வந்ததோ, அவ்வளவு சரளமாக வந்தது.

"ஆ, பொன்!" என்று புருவத்தைத் தூக்கினார். பிரெஞ்சில் 'அப்படியா' என்பதற்கு அப்படிச் சொல்வாராம். உடனே உள்ளே திரும்பி உரக்கச் சொன்னார். "புள்ளைங்களா, கேட்டுக்கிட்டீங்களா? பிரெஞ்சின்னா கை. இங்கிலீஷ்னா கொடை. மாத்திச் செய்யக் கூடாது."

அவ்வளவுதான், சட்டமாகிவிட்டது. அன்றிலிருந்து குடையில்லாமல் நான் பள்ளிக்குப் போனதில்லை. மார்கழிப் பனியிலும் குடை, மேகமே இல்லாத தையிலும் குடை. மழை நாளில் நான் குடையை மடக்கி உதறும்வரை பிள்ளைகள் பொறுமையாக நிற்பார்கள். பிறகு ஈரப் பிடியைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். 'மதாம்' போய் 'மிஸ்' வந்தது, 'போன்ஜூர்' போய் 'குட் மார்னிங்' வந்தது. குடை மட்டும் மாறவில்லை.

வெட்கமாக இருந்ததா என்றால், முதல் வாரம் இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. குடையைத் தொடுவதற்கு முன் சிந்தாமணி தன் கையைப் பாவாடையில் அழுத்தித் துடைத்துக்கொள்வாள். முசியேயின் கையைப் பிடிக்கும்போது துடைப்பதில்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு எதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது?

மற்றபடி நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். இதில் எனக்கு அடக்கம் கிடையாது. ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் படம் பார்த்து இங்கிலீஷில் பத்து வாக்கியம் சொன்னார்கள். என் யாழ்ப்பாணத் தமிழைக் கேலி செய்தார்கள். பேசாதீர்கள் என்பதற்கு நான் "கதைக்காதேங்கோ" என்று அதட்டினால், "கதையே சொல்லல மிஸ்ஸு" என்று நெளிவார்கள். சிந்தாமணிதான் எல்லாரிலும் கெட்டி. ஒரு தரம் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். பிறகு தன் பெஞ்சு முழுவதற்கும் அதைச் சொல்லிக்கொடுத்து, தப்புச் சொன்னவன் தலையில் ஒரு குட்டும் வைப்பாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? தூரத்தில் இருந்து பிடித்திருந்தது.

மாசியில் கடிதம் வந்தது. இன்ஸ்பெக்டர் உலகநாதன் புதன்கிழமை வருகிறார். மதராஸ் பக்கத்திலிருந்து இந்த வேலைக்காகவே அனுப்பப்பட்டவர். முந்தின ஊரில் ஒரு டீச்சரை இரண்டே வரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. 'திஸ் இஸ் மை ஹேண்ட், திஸ் இஸ் மை நோஸ்' பாடத்தைப் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு அரைத்தேன். எல்லாவற்றையும் யோசித்தேன். குடையை மட்டும் யோசிக்கவில்லை. எட்டு மாதத்தில் அது எனக்குக் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது.

புதன்கிழமை பத்து மணிக்கு ஜீப் கரைமேட்டிலேயே நின்றுவிட்டது. மண் இளகல். இன்ஸ்பெக்டர் இறங்கி, வெயிலுக்குத் தன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். உயரமான மனிதர், நெற்றியில் சந்தனம், மேலே கோட்டு. வாசலில் அல்போன்ஸ் கையை நீட்டி இரண்டடி முன்னால் போனார்.

"வணக்கம், வணக்கம்" என்று இன்ஸ்பெக்டர் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். முசியேயின் கை ஒரு நொடி காற்றில் நின்றது. பிறகு கோட்டுப் பைக்குள் போயிற்று.

அதற்குள் பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். விருந்தாளி வந்தால் வரிசை கட்டவேண்டும், அது இருபது வருட வழக்கம். முப்பத்தொரு பேர் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் அரை அடி பின்னால் போனார். அக்குளில் இருந்த குடையை எடுத்து முன்னால் நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், வேலிப்படல்போல. எனக்கு அது எதற்கென்று நன்றாகத் தெரிந்தது. பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. இங்கிலீஷ் இன்ஸ்பெக்டர் இங்கிலீஷ் முறைப்படி நிற்கிறார் என்று நினைத்து அவர்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

சிந்தாமணி கையைப் பாவாடையில் துடைத்தாள். முன்னால் போய், அவர் விரல்களுக்குக் கீழே குடையைப் பிடித்து மூன்று தரம் குலுக்கினாள்.

"குட் மார்னிங் சார்!"

செத்தேன் என்று நினைத்தேன். அவர் முகம் கல்லாகிவிட்டது. அடுத்தவன் வந்து குலுக்கினான், அடுத்தவள் வந்து குலுக்கினாள். பத்துப் பேர் போனதும் இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி வரிசையை நிறுத்தினார்.

"இது என்ன? யார் சொல்லிக்கொடுத்தது?"

சிந்தாமணி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் அவளுக்குப் பொறுக்காது. "எங்க மிஸ்ஸு சார். முசியேன்னா கை. இங்கிலீஷ்னா கொடை. மிஸ்ஸு கைய யாரும் தொடவே மாட்டோம் சார், ஒருவாட்டிகூடத் தொட்டதில்ல."

பெருமையாகத்தான் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த குடையைப் பார்த்தார். தன் கையில் இருந்ததையும் பார்த்தார். கல்லாக இருந்த முகம் மெல்ல இளகியது. மிச்ச இருபத்தொரு பேருக்கும் குடையைத் தானே சற்று முன்னால் நீட்டிக் கொடுத்தார்.

பாடம் நன்றாக நடந்தது. "ஷோ மீ யுவர் ஹேண்ட்" என்றேன். முப்பத்தொரு கைகள் எழுந்தன. "திஸ் இஸ் மை ஹேண்ட்" என்று கூரை அதிரச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் புதிதாக நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் பதில் வந்தது, மூன்று சிந்தாமணியிடமிருந்து.

பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் முசியேயின் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டர் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"நீங்க யாழ்ப்பாணத்தில எந்தப் பக்கம்மா? அப்பா என்ன செய்துட்டிருந்தார்?"

சொன்னேன். அவர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"நினைச்சேன். நல்ல குடும்பத்துப் பழக்கம் எங்க போனாலும் போகாது பாருங்க. நானும் இந்தப் பக்கம் பத்துப் பள்ளிக்கூடம் பார்த்துட்டேன். எங்க போனாலும் கையைப் பிடிக்க வந்துடுதுங்க. வேண்டாம்னா பொல்லாப்பு. சாயங்காலம் போய்த் தலையோட குளிக்கிறேன். நீங்க ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்லாம, ஒருத்தர் மனசும் நோகாம, எவ்வளவு அழகா ஒரு வழி பண்ணியிருக்கீங்க! மத்த பள்ளிக்கூடத்துக்கும் இதைச் சொல்லப்போறேன்."

பேசிக்கொண்டே எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பினார். பாடம் சொல்லிக்கொடுக்கும் திறமை நன்று என்று ஒரு வரி. உள்ளூர் நிலைமையை நயமாகக் கையாளத் தெரிந்தவர், நிரந்தரம் செய்யலாம் என்று இன்னொரு வரி. கீழே கையெழுத்து.

நான் அப்போது எத்தனையோ சொல்லியிருக்கலாம். அந்தத் தாளைப் பார்த்தேன். கப்பல் போயிற்று, பின்னறை போயிற்று, எதிரில் நின்று பார்க்கிற அண்ணி போனாள். "நன்றி சார்" என்றேன்.

அல்போன்ஸும் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. போட்டார். இன்ஸ்பெக்டர் கும்பிட்டுவிட்டுப் போனார். ஜீப் சத்தம் அடங்கும்வரை அல்போன்ஸ் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இங்கிலீஷ்காரங்க பழக்கம்னுதான் மிஸ் நெனச்சேன்" என்றார். "நெசமாவே அப்படித்தான் நெனச்சேன். பாண்டியில என் தம்பி கிட்டகூடச் சொன்னேன்."

திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு வாய் போதாதா? அவர் திட்டவில்லை. எழுந்து போய்க் கரும்பலகையைத் துடைத்தார். எட்டு மாதமாகப் பிள்ளைகளுக்கு அவர்தான் அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார், என்னை நம்பி. அதை நினைத்தபோதுதான் முதல்முதலாக என்மேல் எனக்குக் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன வழக்கத்தில் எங்கள் பள்ளிக்கு வியாழனும் ஞாயிறும்தான் விடுமுறை. விருத்தாம்பாள் கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள்.

"வேல பர்மனென்ட் ஆயிடிச்சாமே? இனிமே எங்க ஊருக்காரிதான் நீ! இன்னா, மூஞ்சி இப்பிடி இருக்குது? துன்னு."

தின்றேன். நாள் முழுவதும் அறையில் உட்கார்ந்து குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடைத்துப் போடலாமா என்றுகூடத் தோன்றிற்று. அப்பாவின் குடை, அது என்ன செய்யும்? உடைக்கவேண்டியது குடையை அல்ல என்று தெரிகிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. சாயங்காலத்துக்குள் தீர்மானித்துவிட்டேன். லேசான காரியம்தானே, கையை நீட்டுவது. நாளைக்கு நீட்டிவிட்டால் முடிந்தது.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே போனேன். ரிஜிஸ்டரையும் சாக்பீஸ் பெட்டியையும் பெஞ்சில் வைத்தேன். குடையை உள்ளே கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். இரண்டு கையும் காலியாக முசியேயின் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் கைகளைப் பார்த்தார். எனக்கு இடம் விட்டுச் சற்று நகர்ந்து நின்றார்.

சிந்தாமணி வந்தாள். "போன்ஜூர் முசியே." குலுக்கினாள். என் பக்கம் திரும்பினாள்.

நான் கையை நீட்டினேன். குனிந்து, அவர் குனிவதைப்போலவே குனிந்து நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"மிஸ்ஸு, கொட எங்க?"

"குடை வேண்டாம் பிள்ளை. கையைத் தா."

"இங்கிலீஷ்னா கொடதான மிஸ்ஸு?"

"இல்லை பிள்ளை. கைதான். நான்தான் பிழையாகச் சொல்லிவிட்டேன். தா, கையைத் தா."

அவள் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பயந்துவிட்டாள் என்று தெரிந்தது. மிஸ் கையை யாரும் தொடவே மாட்டோம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லி அவர் முகத்தை இளகவைத்தவள். இது ஏதோ பரீட்சை, தொட்டால் தோற்றுப்போவோம் என்று நினைத்திருக்கவேண்டும். கூடத்துக்குள் கண்ணை ஓட்டினாள். கதவுக்குப் பின்னால் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"மறந்துட்டீங்க மிஸ்ஸு!"

ஓடினாள். தன் உயரத்துக்கு இருந்த குடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதில், விரல் படாமல், பார்த்து, குடையின் நடுத்தண்டைக் கிடத்தினாள். நான் பிடிக்கவில்லை என்றால் கீழே விழுந்துவிடும். பிடித்தேன். பிறகு பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, வெளியே நீட்டியிருந்த பிடியைப் பற்றி மூன்று தரம் குலுக்கினாள்.

"குட் மார்னிங் மிஸ்."

அவளுக்குப் பின்னால் முப்பது பேர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.